நாடு வாரியாக அடுக்காதீர்கள்

செட்டிநாட்டுக்காரர்கள் வெளியூர் போனால் இரண்டு கேள்விகளுக்குத் தயாராக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் தினமும் அந்தக் காரக் கோழிக்குழம்புதானா என்பது முதலாவது. உங்கள் வீட்டுக்கு எத்தனை தூண் என்பது இரண்டாவது. என் தகப்பனார் தபால் பட்டுவாடா செய்தவர். தேவகோட்டையில் வாடகைக்கு எடுத்த ஓட்டு வீட்டில் வளர்ந்தேன். தூண் என்று சொல்ல அங்கே இருந்தது தாழ்வாரத்தைத் தாங்கிய ஒரு பனங்கட்டைதான். கோழி அடிப்பது தீபாவளிக்கும், தவறிப்போய் விருந்தாளி வந்தாலும். ஆனாலும் ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் விடுதித் தோழிகள், நான் அடக்கத்துக்காகச் செல்வத்தை மறைக்கிறேன் என்றே கடைசிவரை நம்பினார்கள்.

மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டிய எதற்கும் எங்கள் வட்டாரத்தின் பெயரை வைத்துவிடுவது இப்போது நாடு முழுவதும் வழக்கமாகிவிட்டது. சோம்பு, கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு என்று வாசனைக்காகவே இத்தனை சரக்கு சேர்க்கிற சமையல் அது. பால் பணியாரத்திலும் கந்தரப்பத்திலும் கவுனி அரிசியிலும் மிளகாய்க்கு வேலையே கிடையாது. விளக்கிச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

பிறர் நம்மை இப்படி ஒரே வரியில் முடித்துவிட்டால் நமக்கு எரிச்சல் வருகிறது. அதே காரியத்தை நம் பிள்ளைகள் ஐந்து வயதிலேயே சரளமாகச் செய்கிறார்கள் என்பது, பணி ஓய்வுக்குப் பிறகு கோட்டையூரில் சனிக்கிழமை வாசிப்பு நடத்தத் தொடங்கியபோதுதான் முழுமையாக எனக்கு உறைத்தது. வகுப்பறையில் பாடம் முடிக்கிற அவசரத்தில் இந்தப் பேச்செல்லாம் காதில் விழுவதில்லை. கதை கேட்கும்போது பிள்ளைகள் வாய் திறந்து பேசுகிறார்கள். "ஆப்பிரிக்காவில் வீடே கிடையாது டீச்சர், காடுதான்." "வடக்கே இருந்து வருகிறவர்கள் எல்லாரும் பான் போட்டுத் துப்புவார்கள்." "சீனாவில் எல்லாரும் பாம்பு தின்பார்கள்." "பாய் வீட்டில் தினமும் பிரியாணி." சொன்னவர்களில் யாருக்கும் ஒன்பது வயதைத் தாண்டவில்லை. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. காகம் கறுப்பு என்று சொல்கிற அதே குரலில்தான் இதையும் சொன்னார்கள். எனக்குக் கவலை தந்தது அந்தக் குரல்தான்.

வாசிப்பு நடக்கும் இடம் ஓர் ஆச்சியின் வீட்டு முகப்பு. வீட்டுக்குப் பங்காளிகள் பலர். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் கூடுவார்கள், மற்ற நாளில் ஆச்சி ஒருவர்தான். விளக்கு வைப்பதற்குள் முடித்துவிட வேண்டும், ஆத்தங்குடித் தரைக்கல்லில் கிரேயான் பூசக் கூடாது என்று இரண்டே நிபந்தனைகள். உள்ளூர்ப் பிள்ளைகளோடு, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒரு வங்காளக் குடும்பத்தின் பெண்ணும், அரிசி ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகனும் வருகிறார்கள். அந்தப் பையனின் குடும்பம் ஒடிசாவிலிருந்து வந்தது.

"இத்தனை சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது, நீங்கள்தான் பெரிதாக்குகிறீர்கள்" என்று பெற்றோர் சிலர் சொன்னதுண்டு. அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளத் தம்பதி 1940களில் செய்த பொம்மைச் சோதனையை அவர்களுக்குச் சொல்வேன். நிறம் தவிர வேறு வித்தியாசமில்லாத பொம்மைகளை மூன்று முதல் ஏழு வயதுக் கறுப்பினக் குழந்தைகள் முன் வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே காட்டினார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954இல் சொன்ன தீர்ப்பில் இந்த ஆய்வு இடம்பெற்றது. மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்துவிடுகிறது. ஆகவே தெரியாதே என்று நாம் பேசாமல் இருப்பதில் லாபம் ஒன்றும் இல்லை.

முதலில் கைக்கு வந்த புத்தகம் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் அனுப்பிய பெரிய படப்புத்தகம். உலகக் குழந்தைகள் என்ற தினுசு. பக்கத்துக்கு ஒரு நாடு. ஜப்பானுக்குக் கிமோனோ, ஹாலந்துக்கு மரச்செருப்பு. ஆப்பிரிக்கா முழுவதற்கும் ஒரே பக்கம், அதில் ஈட்டி பிடித்த ஒரு பையன். அங்கே 54 நாடுகள் இருக்கின்றன என்பது அச்சிட்டவருக்குத் தேவைப்படவில்லை போலும். இந்தியாவின் பக்கத்தில் தலைப்பாகை கட்டிய சிறுவன் யானைமேல் உட்கார்ந்திருந்தான்.

பிள்ளைகள் சிரித்தார்கள். "இது நாமா?" என்று கேட்டார்கள். இங்கே யாரிடம் யானை இருக்கிறது என்று கேட்டேன். ஒருவரிடமும் இல்லை. நான் அடுத்த அடி வைப்பதற்குள் ஒரு பையன் எழுந்து, "குன்றக்குடிக் கோயிலில் யானை இருந்ததே டீச்சர், புத்தகம் சரிதான்" என்றான். இருந்தது உண்மை. கூட்டம் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. ஒருபக்கப் பிம்பம் இத்தனை உறுதியாக நிற்பதற்குக் காரணத்தை அவன் எனக்குக் காட்டிக்கொடுத்தான் என்றே சொல்ல வேண்டும். முழுப் பொய்யாக இருந்தால் ஒரு கேள்வியில் உடைந்துவிடும். எங்கேயோ ஒரு கோயில் யானை நிஜமாகவே நிற்பதால்தான் அது உடைவதில்லை. அதனால் "அது பொய்" என்று மறுத்துப் பேசுகிற வழியை அப்போதே கைவிட்டேன். யானை இருக்கட்டும். யானையோடு சைக்கிளும் ஷேர் ஆட்டோவும் அரிசி ஆலை லாரியும் வந்து நிற்க வேண்டும்.

பலவகைப் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகள் மனம் விரிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு மக்களைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் படித்த பிள்ளைக்கு, அதற்கு முன் இல்லாத ஒரு பிம்பம் புதிதாக வந்துவிடுகிறது. ஒன்றுமே படிக்காத பிள்ளையாவது "எனக்குத் தெரியாது" என்று சொல்லும்.

நாம் வாசித்துக் காட்டும் வாக்கியத்தின் அமைப்பே இதில் பெரும் வேலை செய்கிறது. மார்ஜரி ரோட்ஸ், சாரா ஜேன் லெஸ்லி ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் படப்புத்தகம் வாசித்துக் காட்டியே நடந்தது. 'ஸார்ப்பி' என்று இல்லாத ஒரு கூட்டத்தைக் கற்பனையாக உண்டாக்கினார்கள். படத்தில் இருந்தவர்கள் நிறத்திலும் வயதிலும் கலந்து இருந்தார்கள். ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. சில பிள்ளைகளுக்கு "ஸார்ப்பிகள் பொறிவண்டுக்குப் பயப்படுவார்கள்" என்று வாசித்தார்கள். வேறு சிலருக்கு அதே படத்தைக் காட்டி "இந்த ஸார்ப்பி பொறிவண்டுக்குப் பயப்படுகிறது" என்றார்கள். முதல் வகையைக் கேட்ட பிள்ளைகள், அந்தக் குணம் ஸார்ப்பிகளுக்குப் பிறப்பிலேயே வருவது, வேறு யாரிடம் வளர்ந்தாலும் ஸார்ப்பிக் குழந்தை அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கும் பக்கம் சாய்ந்தார்கள். பெரியவர்களிடமும் இதே விளைவுதான். படமும் செய்தியும் ஒன்றே. மாறியது வாக்கியம் மட்டும்.

இதைப் படித்த பிறகு என் வாயை நானே கவனிக்கத் தொடங்கினேன். "ஜப்பான்காரர்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்" என்று நல்லதாகவே சொன்னாலும் அது கூட்டத்தைப் பற்றிய பேச்சு. ஆகவே புத்தகத்தில் அப்படி அச்சாகியிருந்தாலும் வாசிக்கும்போது மாற்றிவிடுகிறேன். "இந்தப் பெண் இன்றைக்குத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். தம்பி ஏன் கோபமாக இருக்கிறான், பாருங்கள்." கதைமாந்தருக்குப் பெயர் இல்லாவிட்டால் பிள்ளைகளையே பெயர் வைக்கச் சொல்வேன். வாயில் நுழையாத பெயராக இருந்தால் நுழையும்வரை எல்லோரும் சேர்ந்து சொல்லிப் பார்ப்போம். எளிதாக இருக்கட்டும் என்று ராமு, சோமு என மாற்றுவது கிடையாது. பெயர் பழகிவிட்டால் பிள்ளைகள் அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் புத்தகத்தைத் தேடுகிறார்கள். நாட்டின் பெயரைச் சொல்லி யாரும் தேடுவதில்லை.

அதற்கேற்ப புத்தகம் அடுக்குவதையும் வேறு மாதிரி வைத்தோம். அலமாரியில் 'இந்தியா', 'வெளிநாடு' என்ற தட்டுகளே இல்லை. ஆச்சி பரணிலிருந்து இறக்கிக் கொடுத்த பனையோலைக் கொட்டான்களில் விஷய வாரியாகப் போட்டிருக்கிறோம். மழைக் கொட்டான், தாத்தா பாட்டிக் கொட்டான், சண்டைக் கொட்டான், தொலைந்துபோன சாமான் கொட்டான், பள்ளிக்கூடம் போக மாட்டேன் கொட்டான். கடைசியாகச் சொன்னது எப்போதும் காலியாகவே கிடக்கும், அத்தனை கிராக்கி. மழைக் கொட்டானில் கையை விட்டால் கேரளத்துப் பிள்ளையும் வரும், கென்யாவின் நகரத்துப் பிள்ளையும் வரும். எல்லோருக்கும் செருப்பு நனைகிறது, எல்லோரையும் அம்மா உள்ளே கூப்பிடுகிறாள். வித்தியாசம் தானாகக் கண்ணில் படும். ஒரு வீட்டில் தகரக் கூரை, இன்னொன்றில் மாடி. அதைப் பிள்ளைகளே சொல்லட்டும் என்று விட்டுவிடுவேன்.

பண்டிகைப் புத்தகங்களைக் கடைசியில்தான் எடுப்பேன். பதிப்பாளர்கள் பிற மதத்துப் பிள்ளையைக் காட்ட வேண்டுமென்றால் உடனே ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் போய்விடுகிறார்கள். வருடத்தில் ஒரு நாள் புத்தாடை உடுத்தும் பிள்ளை மற்ற நாளெல்லாம் என்ன செய்கிறது? ஒரு முஸ்லிம் சிறுமி சைக்கிள் பழகி முழங்காலைச் சிராய்த்துக்கொள்ளும் கதை எங்கள் கூட்டத்தில் மிகவும் பிடித்துப்போனது. அதில் பிரியாணியும் இல்லை, பிறையும் இல்லை. அதற்குப் பிறகு நோன்புக் கதையை எடுத்தபோது, "சைக்கிள் பிள்ளை மாதிரி இவளுக்கும் பசிக்குமே" என்று ஒரு குழந்தை கேட்டது. இந்த வரிசை மாறியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நோன்புக் கதையால் ஒரு சங்கடமும் வந்தது. ஒரு தகப்பனார் வந்து, கதை கேட்க அனுப்பினால் என்ன என்னவோ நடக்கிறது என்று சொல்லி மகனை நிறுத்திவிட்டார். பையன் இன்னும் திரும்பி வரவில்லை. நான் வாதாடவில்லை. இப்போது அந்த வாரம் வாசிக்கப்போகும் புத்தகங்களை மதியமே திண்ணையில் பரப்பி வைத்துவிடுகிறேன். பெற்றோர் யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். சைக்கிள் சாவியைச் சுழற்றிக்கொண்டே நின்று முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பெரியவர்களுக்கும் படப்புத்தகம் பிடிக்கிறது, ஒப்புக்கொள்ளத்தான் கூச்சம்.

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இன்னொரு கொடுமையையும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் வெளிமாநிலப் பிள்ளை ஒன்று இருந்தால், உடனே அதை எழுப்பி நிற்கவைத்து "உங்கள் ஊரில் என்ன சாப்பிடுவீர்கள், எப்படி ஆடுவீர்கள், சொல்லு" என்று கேட்பது. உதவிக்கு வந்த ஓர் இளைஞர் ஒடிசாப் பையனை அப்படித்தான் கேட்டார். பையன் கைக்குழந்தையாக இங்கே வந்தவன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "புரோட்டா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் அந்த மாலை முழுவதும் வாய் திறக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளையை ஒரு மாநிலத்தின் பிரதிநிதியாக்குவது எந்த விதத்தில் நியாயம்? நம் பேரன் டெல்லியில் படித்தால், செட்டிநாட்டுச் சமையலை விளக்கு என்று தினமும் நிறுத்தி வைத்தால் நமக்குப் பொறுக்குமா?

அவனுக்குப் பதிலாக அவன் அம்மாவைக் கேட்டுப் பார்த்தோம், அதுவும் வேறு விதமாக. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் ஒரே கதை தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும் வங்காளத்திலும் கிடைக்கும். இலவசம், இறக்கி அச்சடித்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. ஒரு கதையைத் தமிழிலும் ஒடியாவிலும் எடுத்து வந்தேன். முதலில் அந்த அம்மா ஒடியாவில் வாசித்தார், நடுநடுவே வெட்கப்பட்டுச் சிரித்தபடி. எங்கள் பிள்ளைகள் ஒரு சொல்லும் புரியாமல் படத்தை வைத்தே கதையைப் பிடிக்கப் பார்த்தார்கள். பையன் மட்டும் முன்கூட்டியே சிரித்தான். மற்றவர்கள் அவனிடம் "என்ன, என்ன?" என்று கேட்டார்கள். பிறகு அதையே நான் தமிழில் வாசித்தேன். அந்த அம்மாவை யாரும் ஒடிசாவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இப்போது அவர் மாதத்தில் ஒரு முறையாவது வந்து வாசிக்கிறார். கதை சொல்லும்போது குரலை மாற்றிப் பேசுவதில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர்.

ஆப்பிரிக்கா பற்றிய பேச்சுக்கும் அதே தளம்தான் கைகொடுத்தது. ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் என்ற திட்டத்தில் அந்தக் கண்டத்து நாடுகளில் எழுதப்பட்ட சிறுகதைகள் அங்கே மொழிபெயர்ப்பாகக் கிடைக்கின்றன. அவற்றை எழுதியவர்களுக்குச் சிங்கத்தைக் காட்டி யாரையும் அசத்த வேண்டிய தேவை இல்லை. கோழி, சந்தை, ஆடு மேய்ப்பது, பஸ்ஸில் ஏறி நகரத்துக்குப் போவது என்று நம் பக்கத்து ஊர்க் கதைகளாகவே இருக்கும். நான் எடுத்தது ஒன்றல்ல, ஒரு கைப்பிடி. காடு என்ற பேச்சு நின்றுவிடவில்லை, ஆனால் "எந்த ஊர் ஆப்பிரிக்கா?" என்று பிள்ளைகளே ஒருவரை ஒருவர் மடக்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

நிறத்தைப் பற்றி நேரடியாகப் பேசியது கிரேயான் பெட்டியால். படம் வரையும்போது, "ஸ்கின் கலர் யாரிடம் இருக்கிறது?" என்ற கேள்வி வராத நாளில்லை. அவர்கள் கேட்பது இளஞ்சிவப்பு வெளிறிய ஒரு குச்சியை. அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம்கூட 'சதை' என்று பெயர் வைத்திருந்த அந்தக் குச்சியை 1962இலேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் வாயில் அது இன்னும் தோல் நிறமாகவே இருக்கிறது. அந்தக் குச்சியைக் கைமேல் வைத்துப் பாருங்கள் என்றேன். ஒருவருக்கும் பொருந்தவில்லை. காவி, பழுப்பு, மஞ்சள், கறுப்பு எல்லாவற்றையும் கலந்து அவரவர் கைக்குப் பொருந்தும் நிறத்தைத் தேடினார்கள். கண்டுபிடித்த நிறங்களுக்குப் பெயர் வைத்தார்கள்: கருப்பட்டி, புதுப்புளி, பழம்புளி. புத்தகம் வாங்கும்போது நான் இப்போது முதலில் பார்ப்பது இதைத்தான். கெட்டவன் கறுப்பு, நல்லவள் சிவப்பு என்று வரைந்திருந்தால், கதை எத்தனை நன்றாக இருந்தாலும் அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன்.

எடைக்குப் போடுவதில்லை, தனியாகத்தான் வைக்கிறேன். பழைய புத்தகங்களை என்ன செய்வது என்பதில் எனக்கும் இளைய ஆசிரியர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அவர்கள் அப்புறப்படுத்தச் சொல்கிறார்கள். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களோடு உட்கார்ந்து அவற்றை வாசிக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. பிள்ளை நாளைக்கு எங்கேயாவது அதைச் சந்திக்கத்தான் போகிறது. பக்கத்தில் நாம் இருக்கும்போது சந்திக்கட்டும்.

ஆச்சி வீட்டு அலமாரியிலேயே அப்படி ஒன்று கிடைத்தது. அட்டை பிய்ந்த நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு. அதில் ஒரு கஞ்சச் செட்டியார், அவரை ஏமாற்றும் கெட்டிக்கார வேலைக்காரன். பிள்ளைகள் ரசித்துக் கேட்டார்கள். முடிந்ததும் ஒருவன் தன் தாத்தா சொல்லும் பழமொழியை எடுத்துவிட்டான்: ஆதாயம் இல்லாமல் செட்டி ஆற்றோடு போவானா. விடுமுறைக்கு வந்திருந்த ஆச்சியின் பேத்தி அங்கேதான் இருந்தாள். அவள் முகம் சுருங்கிவிட்டது. வீட்டின் உள்முற்றமான வளவிலிருந்து ஆச்சியின் குரல் வந்தது. "இந்த முகப்பைச் சும்மாதானே விட்டிருக்கிறேன், எனக்கு இதில் என்ன ஆதாயம் என்று அந்தப் பிள்ளையைக் கேளுங்கள் டீச்சர்." பையன் தயங்கவே இல்லை. "உங்களுக்குப் பேச்சுத்துணை ஆச்சி" என்றான். ஆச்சி சிரித்த சிரிப்பில் விஷயம் லேசாகிவிட்டது.

ஆனாலும் அடுத்த வாரம் அதை நான் விடவில்லை. கஞ்சன் கதைக்கு வள்ளல் கதை என்று ஒன்றை எடுத்து எதிரே வைப்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமும் இல்லை. மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வருவதற்காக கல்லூரி கட்டிய அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அதைச் சொல்லி நிறுத்தினால் என்ன ஆகும்? "செட்டியார்கள் எல்லாரும் வள்ளல்கள், எல்லாரும் பணக்காரர்கள்" என்று அடுத்த பிம்பம் தயார். பெருமையாகச் சொல்லப்பட்டாலும் பிம்பம் பிம்பம்தான். பூட்டிய வீட்டுக்குப் பக்கத்தில் மருந்துச் செலவுக்கே கணக்குப் பார்த்து வாழும் நகரத்தார் என்னும் செட்டியார் குடும்பத்துப் பிள்ளைக்கு அது எத்தனை சுமை! எனவே அழகப்பரோடு இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டேன். 1922இல் இராயவரத்தில் பிறந்து, வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்குப் பாட்டு எழுதிக் குழந்தைக் கவிஞர் என்று பெயர் வாங்கிய அழ. வள்ளியப்பா ஒருவர். எங்கள் கோட்டையூரிலேயே, பிறர் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய புத்தகம், இதழ், நோட்டீசு எல்லாவற்றையும் சேர்த்து வைத்த ரோஜா முத்தையா மற்றொருவர். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்புதான் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. மூவரும் மூன்று விதம். கல்லூரி கட்டியவர், பாட்டு எழுதியவர், காகிதம் சேர்த்தவர். கஞ்சனும் எங்கேயாவது ஒருவர் இருந்திருப்பார், இருக்கட்டும்.

ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளோடு இன்னும் ஓர் அடி போக முடிந்தது. ஆச்சி வீட்டுத் தூணெல்லாம் பர்மாத் தேக்கு. அந்தத் தேக்கு எப்படி வந்தது என்ற கேள்வியிலிருந்து தொடங்கினோம். கீழ் பர்மாவில் நெல் விவசாயிகளுக்கு நம் ஊர்க்காரர்கள் கடன் கொடுத்தார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை. முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு நிலம் செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்கு வந்துவிட்டது. அதன்பின் அங்கே செட்டி என்ற பெயரே வெறுப்புக்கு உரியதாயிற்று. "அப்படியென்றால் அந்த ஊர்ப் பிள்ளைகள் நம்மைப் பற்றிக் கதை சொல்லியிருப்பார்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். சொல்லியிருப்பார்கள். என்ன சொல்லியிருப்பார்கள் என்று அவர்களே நடித்துக் காட்டினார்கள், கொஞ்சம் அதிகமாகவே. 1942இல் ஜப்பான் படை வந்தபோது தன் மாமனார் நடந்தே ஊர் திரும்பியதையும், வழியில் ஒரு பர்மியக் குடும்பம் இரண்டு இரவு தங்கவைத்துச் சோறு போட்டதையும் ஆச்சி சொன்னார். தங்கவைத்த குடும்பத்துக்கு இவர் யாரென்று தெரியுமா என்று பிள்ளைகள் கேட்டதற்கு ஆச்சியிடம் பதில் இல்லை.

செலவைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அச்சுப் புத்தகங்களுக்குத் துளிகா, தாரா, பிரதம் புக்ஸ், ஏகலவ்யா, நேஷனல் புக் டிரஸ்ட் ஆகியவற்றின் பட்டியல்களைப் பார்க்கலாம். எல்லாமே தமிழில் கிடைக்காது, இருமொழிப் பதிப்புகள் உண்டு. தமிழக அரசின் வாசிப்பு இயக்கச் சிறு புத்தகங்கள் அரசுப் பள்ளிகளில் இருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று வாசிக்கும் திறனுக்கேற்பப் பிரித்திருப்பதால் எந்தப் பிள்ளைக்கு எது என்று தேட வேண்டியதில்லை. வாங்கும்முன் நான் பார்ப்பவை சில. கதையில் காரியத்தை முடிப்பது அந்த ஊர்ப் பிள்ளையா, அல்லது வெளியிலிருந்து வந்து காப்பாற்றுகிறவரா? படத்தில் ஒரு ஊருக்கு ஒரே மாதிரி வீடுதானா? எழுதியவர் அந்த மக்களோடு பழகியவரா? இதில் கடைசிக் கேள்விக்கு அட்டையின் பின்பக்கம் பெரும்பாலும் பதில் தந்துவிடும்.

தேடியும் கிடைக்காதவை இன்னும் நிறைய. நரிக்குறவர் வீட்டுப் பிள்ளை பாசிமணியும் வேட்டையும் இல்லாமல் வெறுமனே ஒரு குறும்புக்காரப் பிள்ளையாக வரும் தமிழ்ப் படக்கதைகள் என் கண்ணில் அதிகம் படவில்லை. செங்கல் சூளைப் பிள்ளையை நாம் பரிதாபப்படுவதற்காக மட்டுமே எழுதுகிறார்கள். இருப்பதை வைத்துச் சமாளிக்கப் பிள்ளைகளையே எழுதச் சொல்கிறோம். ஒரு தாளை எட்டுப் பக்கமாக மடித்துத் தைத்தால் புத்தகம். விதி ஒன்றுதான்: 'எல்லாரும்' என்று எழுதினால், அந்த எல்லாரில் மூன்று பேரின் பெயரைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஒரு பெயரிலேயே நின்றுவிடுகிறார்கள், பிறகு தாங்களே அடித்துவிட்டு எழுதுகிறார்கள்.

வீட்டிலோ தெருவிலோ தொடங்க நினைப்பவர்கள் பெரிய நூலகம் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே விஷயம், வெவ்வேறு ஊர் என்று ஆறேழு புத்தகங்கள் போதும். மழையில் தொடங்குவது எளிது. சாப்பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் முகம் சுளிப்பது அதில்தான் அதிகம். "எனக்குப் பிடிக்காது" என்று சொல்லலாம், "சீ" என்று சொல்லக் கூடாது என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது நல்லது. மூங்கில் குருத்தைப் புளிக்கவைத்துச் சமைக்கும் கதையை வாசித்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்ட இருவருக்கும் அன்றைக்கு மதியம் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. அது எப்படி மணக்கும் என்று வங்காளப் பெண் கேட்டாள். பதில் சொல்ல அவர்களுக்கு வெகுநேரம் பிடித்தது.